மண்டியிட்ட மறியல்

மறியலில் மண்டி போடலாம் என்று சொன்னவள் டெல்ஃபினாதான். திராட்சைத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் அவள் அம்மா அப்படித்தான் செய்தாள். குவாதலூப்பே மாதா கொடியோடு பெண்கள் சாலையோரம் மண்டியிட்டு ஜெபமாலை சொன்னால், ஷெரீப்பின் போலீஸ்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலுக்கு வருகிறவர்கள்தானே.

இங்கே, பல்கலைக்கழகத்தில், அப்படி இல்லை. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகள், கறுப்பர்கள், சீனர்கள் எல்லோரும் சேர்ந்து, எங்கள் ஜனங்களின் சரித்திரத்தை நடத்த ஒரு துறை வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க வகுப்புக்குப் போகவில்லை. அப்பன் கட்டும் வரியில் நடக்கிற பல்கலைக்கழகம். அங்கே நடத்துகிற பாடம் ஒன்றிலும் அப்பன் இல்லை. கேட்டதற்குப் பல்கலைக்கழகத் தலைவர் போலீஸை அனுப்பினார். அந்த ஆளுக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

"இது எடுபடுமா, ஒல்லி?" என்று டெல்ஃபினாவைக் கேட்டான் எஃப்ராயின். அவளோடு படிப்பவன், எதையும் கேலி செய்கிறவன்.

"எடுபடும்டா. எங்கம்மாவ ஒருத்தன் தொட்டதில்ல."

"உங்கம்மாவப் பாத்தா நானே பயப்படுவேன். என்னைப் பாத்து இவனுங்க எதுக்குப் பயப்படணும்?"

சிரித்துக்கொண்டேதான் மண்டியிட்டான். கையோடு கை கோத்து, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார்கள்.

போலீஸ் லத்தியோடு பாய்ந்தது. நின்றிருந்தால் அடி தோளில் விழுந்திருக்கும். மண்டியிட்டவர்களின் தலை லத்திக்கு வாகான உயரத்தில் இருந்தது. கோத்த கையை உருவி முகத்தை மறைக்க ஒருவருக்கும் நேரமில்லை. பூசணிக்காய் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. முன்வரிசைப் பெண்ணின் பல் டெல்ஃபினாவின் மடியில் வந்து விழுந்தது. "எந்திரிங்க! ஓடுங்க!" என்று டெல்ஃபினா கத்தினாள். எஃப்ராயின் எழுந்துகொள்ளத்தான் பார்த்தான். லத்தியின் முனை அவன் வலது கண்ணில் இறங்கியது. விழுந்தவனை இருவர் மிதித்தார்கள். அவள் ஒருவன் காலைக் கடித்தாள். அவன் பூட்ஸால் உதைத்ததில் அவள் விலா முறிந்தது.

முகம் அடையாளம் தெரியாமல் கிடந்த எஃப்ராயினின் படம் பத்திரிகைகளில் வந்தது. ஊர் காறித் துப்பியது. கடைசியில் துறை உண்டு, ஆசிரியர்கள் உண்டு என்று பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்து ஆடினார்கள். டெல்ஃபினா மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நடந்தாள். அதுவரை எஃப்ராயின் கிடந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. 'உன்னாலதான்' என்று அவன் சொல்லிவிட்டால்?

ஒருவழியாகப் போனாள். அறை வாசலில் அவன் அம்மா எவுலாலியா நின்றிருந்தாள். பழத்தை டப்பாவில் அடைக்கிற ஆலையிலிருந்து நேராக வந்தவள். மேலெல்லாம் பீச் பழச்சாறு காய்ந்திருந்தது.

"என் பிள்ளைய மண்டி போடச் சொன்னது யாருடி?"

"நான்தாம்மா."

கன்னத்தில் அறை விழுந்தது. காது இரைந்தது. இரண்டாவதும் விழுந்தது. டெல்ஃபினா கையைத் தூக்கவில்லை. யாராவது அடித்தால் தேவலை என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

"கண்ணு போச்சு. இனி வராதாம்." எவுலாலியாவுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க கேட்ட படிப்பைக் குடுத்துட்டானுங்களா?"

"குடுத்துட்டாங்க."

"அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும் அவனுக்கும் சேத்து நீ போய் உக்காரு. ஒரு நாள் மட்டம் போட்டன்னு காதுல விழுந்துச்சு, வகுப்புக்கே வந்து அறைவேன்."

சொன்னதோடு நிற்காமல் மூன்றாவதையும் போட்டாள். பிறகு கதவைத் தள்ளித் திறந்தாள்.

"உள்ள போ. கண்ணு முழிச்சதுலேர்ந்து உன்னைத்தான் கேக்கறான்."