வலது பத்து, இடது எட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வீட்டு விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருந்தேன். கீழே பழைய துணி வாங்கும் கூடம். அது ஊருக்கே தெரியும். மாடியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் தங்கியிருப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். சிலர் உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். வாரம் மூன்று நாள் சம்பளமில்லாமல் துணி பிரிக்கப் போவேன்.

கடைசி அறைக்காரியின் ஆறு வயது மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பிறவியிலேயே இடது பாதம் சின்னது. அம்மாக்காரி அந்த ஷூவுக்குள் பழந்துணியைத் திணித்துவிடுவாள். அப்படியும் கழன்று விழும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கூடத்தின் உதவிக் குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். "ஒரு குழந்தைக்கு ஷூ தேவை. வலது பத்து, இடது எட்டு." பெயர் இல்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முந்நூறு பேர் இருந்த குழு, யார் யாருக்கு அனுப்பினார்களோ.

நான்காம் நாள் ஒருவர் பெட்டியோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த பேச்சு.

"சொல்லி செஞ்சதுங்க. குழந்தைக்கு சரியா இருக்கான்னு தெரிஞ்சா நிம்மதி."

"குழந்தை எங்கன்னு எனக்கே தெரியாதுங்க. குடுத்து அனுப்பிடுவோம்" என்றேன்.

மனசு குளிர்ந்துபோய் நாற்காலி போட்டு டீயும் கொடுத்தேன். ஸ்டோரில் வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பொறுமையில்லாமல் பின்படி வழியாக மாடிக்கு ஓடினேன்.

மாட்டிவிட்டதும் வாலு குதித்தாள். "அம்மா, கழறவே இல்ல!"

ஈரக் கையோடு வந்த அம்மா ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றி, உள்ளே கட்டை விரலால் அழுத்தினாள்.

"அக்கா, குதிகால்ல அரை விரல் உசரம் வச்சிருக்கு. நீங்க எழுதினீங்களா?"

"இல்லையே. அளவு மட்டும்தான்."

"அந்தக் கால் அரை விரல் குட்டைன்னு டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இவ அப்பனுக்குத் தெரியும்."



"கொண்டு வந்த ஆளு போயாச்சா?"

"கீழ டீ குடிச்சிட்டிருக்கார்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து, கையில் கிடைத்ததை உள்ளே தள்ளினாள். "அடுத்த தடவ கண்டுபிடிச்சா பிள்ளைய உயிரோட விடமாட்டேன்னு சொன்னவன், அக்கா. எப்படியாவது அனுப்பிடுங்க. நாங்க இங்க இல்ல."

போலீசுக்கு போன் செய்தேன். வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். இருபது நிமிடத்தை எதை வைத்து ஓட்டுவது? பொய்யை வைத்துத்தான். படி இறங்கினேன்.

அவன் அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சுக்கோங்க. இப்பதான் கேட்டேன். அந்தக் குழந்தைய நேத்தே வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"அடடா" என்றான். நிஜமாகவே வருத்தப்படுகிறவன் போலத்தான் இருந்தது. "அப்போ அந்த ஷூவ எடுத்துட்டு வாங்க. நானே வச்சுக்கறேன்."

நான் நகரவில்லை. கழற்றிய ஷூவை வாலு மறுபடி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தலைக்குமேல் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் சத்தம் கேட்டது. டக், டக், டக். அம்மா அதட்டுவதும் கேட்டது. பிள்ளைக்கு எங்கே காது கேட்கும், வாழ்நாளில் முதல்முறையாக ஓடுகிறாள்.

அவன் தலையை நிமிர்த்தினான். சத்தம் போன பக்கமெல்லாம் அவன் கண் கூரையில் கூடவே போனது.

"இப்ப நொண்டாம ஓடறா, பாருங்க" என்று சொல்லி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.