என் கைக்கான கியூ

எனக்கு எரிச்சல் வந்தால் வாய் நிற்காது. அன்று காலை கண்டி டவுனில் பூல் கிளப்பில் பையைத் திறந்தபோதும் அப்படித்தான் ஆனது. பந்தடிக்கும் கோலான என் கியூவின் நுனித் தோலில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. பந்தில் படுவதே அந்தத் தோல்தான். நகத்தால் சுரண்டினேன். இரவு முழுக்க ஈரத்தில் ஊறியிருந்த தோல் அப்படியே கையோடு கழன்று வந்துவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. வென்றால் போட்டியை நடத்தும் கம்பெனியின் டீமில் இடம், கண்டிக் கிளையில் வேலை. தோற்றால் வியாழக்கிழமை வேலைக்குக் கத்தார் பயணம். விசாவும் வந்துவிட்டது. என் மனைவி நிஷாந்தினிக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேனா என்பதற்கு இந்த ஓர் ஆட்டம்தான் பதில்.

மஹய்யாவவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"உன்ன யாரு கியூவத் தொடச் சொன்னா?"

"சாமி கும்பிட்டுப் பொட்டு வச்சேங்க. ஏன்?"

"வைக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கத்தி, மண்வெட்டி எதுன்னாலும் வேல செய்ற பக்கந்தானே வைப்போம்? கெட்டுப்போச்சாங்க?"

"நாசமாப் போச்சு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பிள்ளைத்தாச்சியிடம் பேசுகிற பேச்சா இது?

என்னோடு மோத வேண்டிய ஹுதைபா நானா பக்கத்தில் வந்தார். அலவத்துகொடையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய இரண்டாவது கியூவை நீட்டினார்.

"இத எடுங்க கணேஸ். பொறகு கியூ இல்லாமத் தோத்தேன்னு ஊரெல்லாம் சொல்லப்படாது."

வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம். தோல் கழன்றுபோன என் கியூவும் அதே ரகம்தான். ஹுதைபா நானா ஓங்கி அடித்தால் பந்துகள் மேசையெல்லாம் சிதறும். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கியூவை வாங்கினேன். நானோ கெரம் ஆடி வளர்ந்தவன். சுண்டிவிடுகிற கை எனக்கு. அந்தக் கனம் ஒருநாளும் எனக்குப் படியவில்லை. வாங்கிவிட்ட வீம்பில் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"வேணாம் நானா, கனமா இருக்கு."

சுவரில் கிளப்பின் கியூக்கள் ஆறு தொங்கின. ஒவ்வொன்றாக மேசையில் உருட்டினேன். மூன்று கோணல். ஒன்றின் நுனி தட்டையாகி அகன்றிருந்தது. ஐந்தாவது மெல்லியது, இலேசானது, நுனியும் சின்னது. கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தை அதால் தொட்டுப் பார்த்தேன். நான் நினைத்த இடத்தில் போய் நின்றது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை நாளும் இது இங்கேயேதான் தொங்கியிருக்கிறது.

ஹுதைபா நானா முதல் அடியில் பந்துக் குவியலை உடைத்தார். ஆளுக்கு ஏழு பந்தில் மூன்றைக் குழியில் போட்டு நாலாவதைத் தவறவிட்டார். அதன்பிறகு நான் மேசையை விட்டு நகரவில்லை. என் பந்துகள் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இரண்டு மாதமாக நான் ஆடாத ஆட்டம் அது. மிச்சம் கடைசியாகப் போட்டு வெல்ல வேண்டிய கறுப்புப் பந்து மட்டும், குழியின் வாயிலேயே நின்றது. மெல்லத் தொட்டால் போதும்.

பயந்துவிட்டேன். பயந்த கை இரண்டு மாதப் பழக்கத்துக்குப் போய்விட்டது. கனமான கியூவைத் தள்ளுவதுபோல ஓங்கித் தள்ளினேன். கறுப்பு விழுந்தது. வெள்ளையும் நிற்காமல் அதன் பின்னாலேயே போய் விழுந்தது. கறுப்போடு வெள்ளை விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு.

"யா அல்லாஹ்" என்றார் ஹுதைபா நானா. ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

கிளப் மாடியிலிருந்து கீழே இறங்கினேன். படியடியில் நிஷாந்தினி மூச்சு வாங்க நின்றாள். த்ரீவீல் பிடித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு பசை டியூப்.

"ஒட்டிப் பாக்கலாம்னு கொண்டாந்தேன்" என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உன்மேல தப்பில்ல நிஷா. நான் வாங்குன கியூதான் தப்பு." நடுரோட்டில் அழுதேன்.

அவள் அழவில்லை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"பிளேன்ல எத்தன கிலோ கொண்டுபோக விடுவாங்க?"

"முப்பது" என்றேன்.