பால் கொடுத்த இருவர்

சம்பந்தம் பேச வந்தால் பவுனைக் கேட்பார்கள், சீரைக் கேட்பார்கள். மாப்பிள்ளையின் தாய் குர்ஷித் பேகம் கேட்டது பாலை.

"ஒன் மகளுக்கு நீ மட்டுந்தான் பால் குடுத்தியா? வேற யாரும் குடுத்தாகளா?"

பால் கொடுத்தவளும் தாய்தான். அவள் பிள்ளைகளும் உடன்பிறப்புதான். அந்த உறவுக்குள் நிக்காஹ் கூடாது. அதனால் பேகம்பூரில் இது கேட்கிற கேள்விதான். ஆனாலும் நஜ்முன்னிசா பயந்தாள். பர்மாவிலிருந்து கட்டிய துணியோடு கப்பலேறி வந்தவள். மகள் மெஹராஜுக்கு வந்திருப்பதோ நல்ல இடம். கண்ட கண்ட சாதிக்காரி பாலா என்று இவர்கள் எழுந்து போய்விட்டால்? 'நான்தான் கொடுத்தேன்' என்றால் காரியம் முடிந்தது. சாட்சிக்கு இங்கே எவள் இருக்கிறாள்?

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு பேரு குடுத்தாகக்கா. இவ பொறந்ததும் எனக்குச் சன்னிக் காய்ச்சல், பால் வத்திப்போச்சு. அந்நேரம் பாத்துச் சண்டை. எதுத்த வீட்டு மா சேன் பர்மாக்காரி. பக்கத்து வீட்டு நோ மூ கரேன்காரி, தனி நாடு கேட்ட சனம். ரெண்டு பேத்து புருசமாரும் எதிரெதிரா நின்னு சுட்டுக்கிட்டாக. இவளுக ஒருத்தி மொகத்துல ஒருத்தி முழிக்க மாட்டா. ஒருத்தி முன்வாசல்ல வந்தா மத்தவ கொல்லப்பக்கமா வருவா. ஆனா ஒரு வேளை எம்புள்ளையப் பட்டினி போடலக்கா. அவுக இல்லைன்னா இவ ஏது?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"அந்தச் சண்டை இப்பவாச்சும் ஓஞ்சுச்சா?"

"எங்கிட்டு ஓய? கட்சிச் சண்டைன்னா துண்ட மாத்திக்கிறலாம். பொறப்பையும் பாஷையையும் எப்படி மாத்த? அப்பன் துப்பாக்கிய இப்ப மகன் எடுத்துட்டான். குறுக்க விழுந்து வெலக்கிவிட, ரெண்டு பக்கமும் ஒறவுன்னு ஒருத்தரும் இல்லையே."

"ஏன் இல்லாம? நம்ம மெஹராஜு இருக்காளே. ரெண்டு வீட்டுப் பயலுகளுக்கும் இவ தங்கச்சிதான?"

'நம்ம' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் நஜ்முன்னிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நிச்சயத்தன்று பெண்ணின் தாய்க்கென்று மாப்பிள்ளை வீட்டார் வைத்த தட்டில் மூன்று சேலைகள் இருந்தன. நஜ்முன்னிசா நன்றியை யாருக்குச் சொல்வாள்? அல்லாஹ்வுக்குச் சொல்வதா, அந்த இருவருக்குச் சொல்வதா, எதிரே நிற்கும் குர்ஷித் பேகத்துக்குச் சொல்வதா?

"அவுக ரெண்டு பேரும் லுங்கிதானக்கா கட்டுவாக" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வெட்டிக் கட்டிக்கிறட்டும். என்னைக்காவது பர்மாவுக்கு ஆள் போனா குடுத்துவிடு. ரெண்டையும் ஒரே கலர்லதான் எடுத்திருக்கேன். இல்லாட்டி அதுக்கொரு சண்டை போடுவாளுக."