மணிவேல் சொல்ல வேண்டிய பொய்

கை போனவனுக்கு வேலை தருகிறேன் என்று கம்பெனியே வீடு தேடி வருவது லேசில் நடக்கிற காரியமா? எறையூரில் மணிவேல் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் குழாய் மாட்டும் வேலைக்குப் போய், வலது கையில் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். ஜீப்பில் வந்தவர் பாதுகாப்பு அதிகாரி சரத்குமார். அரியலூர் யார்டில் கேட் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம் என்றார். பிறகு மெல்ல இழுத்தார்.

"புதுசா ஆளுங்க சேரும்போதெல்லாம் முன்னால நின்னு கையக் காட்டணும் மணிவேல். சிறுவாச்சூர் கோயில்ல கட்டுன காப்புக் கயிறு மெஷின்ல மாட்டிக்கிச்சு, என் தப்புதான்னு ரெண்டு வார்த்த. அவ்ளோதான்."

மணிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியாமல் அவிழ்க்கக் கூடாது. அதனால் இந்தப் பக்கத்து ஆட்கள் காப்பின் மேல் இன்சுலேசன் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் ரிக்கில் ஏறுவார்கள். ஆஸ்பத்திரியில் கிளவுஸை வெட்டி எடுத்தபோது விரல்கள்தான் இல்லை. டேப்பும் காப்பும் கட்டியது கட்டியபடி இருந்தன.

அறுந்தது, குழாயை இறுக்கும் பெரிய இடுக்கியைப் பிடித்து நிறுத்துகிற கம்பிவடம். அது நைந்து கிடக்கிறது என்று முந்தின நாளே மேலதிகாரிகளிடம் சொன்னான். இந்தக் கிணறு முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் வடம் அறுந்து, இடுக்கி சுழன்று வந்து அவன் கையைக் குழாயோடு வைத்து நசுக்கிவிட்டது.

ஜீப் போனதும் அவன் மனைவி சசிகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டுப் போங்க மாமா. வாய் என்ன, தேஞ்சா போயிடும்? நான் ஒருத்தி கரும்பு வெட்டி எத்தன நாளைக்கு ஓட்டறது?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. சொல்லித் தொலைத்துவிடுவது என்றுதான் அரியலூர் பஸ் ஏறினான்.

யார்டின் தகரக் கொட்டகையில் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரத்குமாரே கதையை ஆரம்பித்து வைத்தார். ஒரு காப்புக் கயிறு ஒரு மனிதனை என்ன பாடு படுத்தியது என்று கண், காது, மூக்கெல்லாம் வைத்துச் சொன்னார். முன்வரிசையில் கொளஞ்சி என்று ஒருவர், மீசை நரைக்கத் தொடங்கிய ஆள், தன் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் காப்பு. குனிந்து, பல்லால் கடித்து அறுத்து, கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த நிம்மதியைத்தான் மணிவேலால் தாங்க முடியவில்லை. அடப்பாவி மனுசா, காப்பு போய்விட்டது, இனி பயமில்லை என்று நாளைக்கே அந்த இடுக்கியில் கை வைப்பாயே!

இடது கையால் மைக்கை வாங்கி, வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, காப்ப அறுத்தா கை தப்பிச்சிரும்னு நெனச்சுடாதீங்க. ஏங் காப்பு அறுந்தே போவல."

"மணிவேல்!" என்று சரத்குமார் எழுந்தார்.

"இருங்க சார். கையக் காட்டச் சொன்னீங்க, காட்டிட்டேன். கதைய முழுசா சொல்லணும்ல? இடுக்கியப் புடிக்கிற கம்பிவடம் நைஞ்சு போச்சுன்னு சொன்னேன். கெணறு முடியட்டும்னாங்க. அதுக்குள்ள என் வெரலு முடிஞ்சு போச்சு. தப்பு அம்மன் மேலயும் இல்ல, ஏம் மேலயும் இல்ல."

பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். அவன் குரலுக்கு மைக்கே அதிகப்படி.

"கேட் வேலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வெளிய போ!" என்றார் சரத்குமார். மற்றவர்களைப் பார்த்து, "வண்டியில ஏறுங்க, சைட்டுக்கு நேரமாச்சு" என்றார்.

கொளஞ்சி வேன் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"சார், நாங்க போற ரிக்குல வடத்தப் புதுசா மாத்தியாச்சுங்களா?"

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம். ஏறுங்க."

கொளஞ்சி காலைக் கீழே இறக்கினார். "இல்லீங்க சார். இங்கயே சொல்லிடுங்க."

பின்னால் நின்றவர்களும் ஏறவில்லை. கேட்டுவரை போயிருந்த மணிவேல் திரும்பி வந்து, அவர்களோடு சேர்ந்து நின்றுகொண்டான்.