பதினாறு கட்டத்தில் இல்லாதது

டெய்லரம்மா தைத்த அந்தத் துணியைப் பார்த்துப் பாராட்டாதவர்கள் கிடையாது. பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். தண்ணீர் டம்ளர், சோற்றுத் தட்டு, மின்விசிறி, தலையணை, மாத்திரை, கழிப்பறைக் கதவு... பக்கவாதத்தில் கணவரின் பேச்சும் வலது கையும் போய் ஆறு மாதம் ஆகிறது. இடது விரலால் அவர் எந்தப் படத்தைத் தொட்டாலும் அடுத்த நிமிடம் அது கட்டிலுக்கு வந்துவிடும். "ராஜா மாதிரி வச்சிருக்கீங்க" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நெரிசலில் நூறு பேருக்குப் பதில் சொல்லி, பத்துப் பேரோடு சண்டை போட்டு, மிச்சத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேசித் தீர்ப்பார். அந்த வாய்க்கு இப்போது "ஆ" ஒன்றுதான் மிச்சம். தலையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எதைக் கேட்டாலும் மேலும் கீழும் ஆடும். வீட்டில் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். சௌகரியமான சம்மதம்!

அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மகன் லாரிக்குச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இருவரும் ஒரேயடியாக அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

வியாழக்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கட்டிலருகே உட்கார்ந்து, "ஐயா, பஸ்ஸு ஆகாயத்துல ஓடுமா?" என்று கேட்டாள். தலை ஆமாம் என்று ஆடியது. "உங்களுக்கு வயசு பத்தா?" அதற்கும் ஆடியது. கண்ணில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அக்கா, அவருக்கு எல்லாமே புரியுது. தலைதான் தப்பா ஆடுது. இந்தத் துணியில வேண்டாம்னு சொல்ல எங்க இருக்கு?"

"என்ன வேண்டாம்னு சொல்லப் போறாரு? கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கொடுக்கறேனே."

"கேக்கறது வேறக்கா, மனசுல உள்ளதைச் சொல்றது வேற. அவரோட விசில் இருக்கா? ஒண்ணு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா போ. முப்பது வருஷப் பழக்கம், சட்டுனு வந்தாலும் வரும். குடுத்துப் பாருங்க."

"அது எங்க கெடக்கோ" என்றாள் டெய்லரம்மா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். விசில் தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. மகன் வீடு மாறும் பேச்சை எடுத்த அன்றே அவள்தான் அங்கே போட்டு மூடினாள். கையில் கிடைத்தால் அவர் என்ன ஊதுவார் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்குப் போக வேண்டும். ஆறு மாதமாக ஒற்றை ஆளாகத் தூக்கித் திருப்பி இடுப்பு விட்டுப்போயிருந்தது. அங்கே போனால் கைமாற்ற ஆள் உண்டு, மடியில் உட்காரப் பேத்தி உண்டு. ஆசைப்பட்டது தப்பா என்ன?

சனிக்கிழமை மதியம் அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். கொண்டுவந்தாள்; வாயை இறுக்கிக்கொண்டார். மின்விசிறியைத் தொட்டார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தலையணை, மாத்திரை, தட்டு என்று விரல் பதினாறு கட்டத்தையும் தடவித் தேடியது. கடைசியில் படமே இல்லாத ஓரத்துணியில் பட்பட்டென்று அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இத்தனை நாள் அவர் தொட்டதை எல்லாம் கொடுத்தாள். தொடுவதற்கு எது இருக்கலாம் என்பதையும் அவளேதானே முடிவு செய்தாள்? வாயைத் தைத்தவளும் அவள்தான்.

இழுப்பறையைத் திறந்தாள். விசிலை முந்தானையில் துடைத்து, கோணாத பக்கத்து உதட்டில் வைத்தாள்.

ஒரே விசில். நீளமாக, மூச்சு தீரும்வரை.

"போக வேண்டாமா?"

மறுபடியும் ஒன்று.

"உங்களுக்கென்ன, ஊதிட்டீங்க! என் இடுப்பு எனக்கில்ல தெரியும்? என்னால முடியலங்க. ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?" ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவளும் கொட்டிவிட்டாள்.

அவர் விசிலைக் கீழே வைத்தார். தலையணைப் படத்தைத் தொட்டார். அவள் தலையணையை எடுக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடி படத்தைத் தொட்டு, பிறகு அவள் கன்னத்தைத் தொட்டார். நீ தூங்கு.

அவள் அவர் கையைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே ஒரு மாசம். சாமான் எல்லாம் இங்கயே இருக்கட்டும். எனக்கு இடுப்பு சரியானதும் திரும்பி வந்துடுவோம். போலாமா?"

அவர் உடனே ஊதவில்லை. ஜன்னலைப் பார்த்தார், பாதி கட்டிய மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மகனின் போன் வந்தது.

"அம்மா, லாரி காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துடும். எல்லாம் ரெடிதானே?"

பின்னால் விசில் கேட்டது. குட்டியாக ஒன்று, மூச்சு வாங்கி, இன்னொன்று.

"என்னம்மா அது சத்தம்?"

"லாரி வேண்டாம்டா, ஒரு கார் போதும்" என்றாள் டெய்லரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மிச்சத்தை அப்பாவே பேசுவாரு. நீ கேள்வியா கேளு. அவர் பதில் சொல்ற வரைக்கும் போனை வைக்காத."