இருபதாவது பெட்டி

சம்பத்தின் வீட்டுக்குக் கெட்ட பேர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வரதய்யபாளையத்தில் அந்த நேரத்தில் பொதுவாக யாருக்கும் எதுவும் வராது. கரண்டுகூட வந்தால் உண்டு.

அவருடைய மகள் ஹரிதா ஹைதராபாத் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை. அன்றைக்கு அவள் லேப்டாப்பைத் திறந்து கம்பெனிக்குள் நுழையப் பார்த்தபோது, திரையில் சிவப்பாக நாலு வரி வந்து நின்றது. திரும்பத் திரும்ப முயன்றாள். அதே நாலு வரி.

"இன்னாம்மா எழுதிக்கீது?" என்றார் சம்பத்.

"நம்ம நெட்டு எந்த நம்பர்லேர்ந்து போவுதோ, அந்த நம்பருக்குப் பேர் கெட்டுப் போச்சாம் நைனா. அதனால உள்ள வுட மாட்டாங்களாம்."

சம்பத் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் அவர். வண்டி வண்டியாகக் கரும்பு வந்து நின்ற இடத்தில் ஒரு துண்டுகூடச் சும்மா கடித்ததில்லை. இது ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊருக்கே அவர்தான் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு மெஷின் பேர் கெட்டது என்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஹரிதாவின் மேலாளர் போன் செய்தார். செல்போன் நெட்டில் வேலை பார்க்கக் கம்பெனி விதி இடம் தராது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், திங்கட்கிழமை முதல் அவள் ஹைதராபாத் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும். மனைவி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. சம்பத்துக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை என்று இருப்பது மகள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் காலையில் எழுந்து யாரிடம் சண்டை போடுவது என்று நினைத்தார். பயமாக இருந்தது. பயத்தை வெளியே காட்டிப் பழக்கமில்லாததால் கோபப்பட்டார்.

"கூப்பிடு அந்தப் பவன்குமார."

பவன்குமார் அந்தப் பக்கத்துக்குக் கேபிளும் நெட்டும் கொடுப்பவன். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான். லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மீ வீதி மொத்தம் ஒகடே நம்பரு அண்ணா. இருவது வூட்டுக்கும் சேத்து ஒரே நம்பர்தான் வெளிய தெரியும். எவுரோ ஒருத்தர் வூட்லேர்ந்து குப்பை போய்க்கினே இருக்குது. பேரு இருவது வூட்டுக்கும் கெடுது."

"குப்பைன்னா?"

ஹரிதா விளக்கினாள். யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு சாமான், அந்த வீட்டு நெட்டை வெளியாட்களுக்குத் திறந்து விட்டிருக்கிறது. எங்கேயோ இருக்கும் திருடன் அதன் வழியாகப் புகுந்து மோசடி மெயில் அனுப்புகிறான், அடுத்தவர் பாஸ்வேர்டை உடைத்துப் பார்க்கிறான். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

யார் வீடு என்பதைக் கண்டுபிடிக்க சம்பத்துக்கு லேப்டாப் தேவைப்படவில்லை. எதிர்வரிசையில் நாலாவது வீடு. அவருடைய அக்கா செங்கம்மாவின் வீடு.

அக்காவோடு அவர் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகன் சுதீரின் கல்யாணம் திருப்பதியில் நடந்தது. தாய்மாமனுக்குத்தான் முதல் மாலை என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். மாலைத் தட்டு வந்தது, சம்பத் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு கழுத்தை நீட்டினார், மாலை பெண்வீட்டுத் தாய்மாமன் கழுத்தில் விழுந்தது. நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல், பட்டினியாக பஸ் ஏறி வந்தவர்தான். அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

சுதீருக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை. குடும்பமும் அங்கேதான். சனிக்கிழமை தோறும் அம்மாவைப் பார்க்க வருவான். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீக்கடையில் சம்பத் சத்தமாகச் சொன்னார்: "நான் பேரு சொல்ல மாட்டேன். வாராவாரம் ரேணிகுண்டாவுலேர்ந்து லேப்டாப்பத் தூக்கிக்கினு வரவன் யாருன்னு நீங்களே பாத்துக்குங்க. வூட்டுக்குள்ள திருட்டு நடக்குது, பெத்தவ பாத்துக்கினு இருக்கா." கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

தலையை ஆட்டக் காரணம் இருந்தது. அந்தத் தெருவில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். பவன்குமாரின் கேபிளிலோ தெலுங்குச் சேனல்கள்தான் வரிசை கட்டி நிற்கும். தமிழில் வருவது இரண்டு, அதில் ஒன்று பக்திச் சேனல். போன வருஷம் சம்பத் ரிட்டயர் ஆனபோது தெருவுக்கே விருந்து வைத்தார். தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியையும் வைத்துக் கொடுத்தார். டிவியில் மாட்டி நெட்டோடு இணைத்தால் போதும், உலகத்தில் உள்ள தமிழ்ச் சேனல் எல்லாம் வரும். மாசாமாசம் ஒரு பைசா கட்ட வேண்டாம். ரேணிகுண்டா ஸ்டேஷன் அருகே ஒரு கடையில் மொத்தமாக வாங்கியது. இதெல்லாம் எப்படிச் சும்மா வருகிறது என்று இவரும் கேட்கவில்லை, கடைக்காரனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருவில் சம்பத் சொன்னால் மறுபேச்சு இல்லை.

வாங்கியது இருபது பெட்டி. தெருவில் இருபது வீடு என்று எண்ணித்தான் வாங்கினார். தனக்கு ஒன்று, பதினெட்டு வீட்டுக்குப் பதினெட்டு. இருபதாவதைக் கை வாங்கிவிட்டது, மனசு கொடுக்கவில்லை. அது பரணில் கிடந்தது.

புதன்கிழமை பவன்குமார் தேட ஆரம்பித்தான். தெருவில் வோல்டேஜ் இறங்கினால், எவன் வீட்டு மோட்டார் என்று பார்க்க ஒவ்வொரு வீடாக நிறுத்திப் பார்ப்பார்களே, அதே முறை. ஒரு வீட்டு நெட்டைப் பத்து நிமிஷம் பிடுங்க வேண்டும், குப்பை குறைகிறதா என்று லேப்டாப்பில் பார்க்க வேண்டும். சம்பத் மேற்பார்வைக்குக் கூடவே நடந்தார். முதலில் செங்கம்மா வீடு என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றார்.

பவன்குமார் வெளியே வந்து, "க்ளீன் அண்ணா" என்றான்.

"திருப்பிப் பாரு."

"மூணு தரம் பாத்துட்டேன். பெத்தம்மா மஞ்சி நெட்டு, நல்ல நெட்டு."

அடுத்து, பக்கத்திலிருந்த மோகன்ராஜ் வீடு. குப்பை. அதற்கடுத்ததும் குப்பை. இரண்டு வரிசையிலும் குப்பை. ஒரு வீட்டைத் தேடி வந்த பவன்குமாருக்கே தலை சுற்றியது. சாயங்காலம் தெருமுனையில் நின்று, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் பேர்களைப் படித்தான். கேட்கக் கேட்க சம்பத்துக்கு எங்கேயோ கேட்ட பட்டியலாகத் தோன்றியது. அது அவருடைய விருந்துக்கு அழைத்தவர்களின் பட்டியல். கடைசியாக, "சம்பத் அண்ணா வூடு" என்றான் பவன்குமார்.

ஹரிதா வீட்டுக்குள் போய் டிவிக்குப் பின்னாலிருந்த கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி வந்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் நெற்றியில் இன்னும் இருந்தது.

"திருடன் இதுல ஒக்காந்துகினு இருக்கான் நைனா. கடையில விக்கும்போதே உள்ள வெச்சி விக்கறானுங்க."

தெரு சம்பத்தைப் பார்த்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். எடைமேடையில் முப்பத்திரண்டு வருஷத்தில் வராத வியர்வை அன்றைக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் பெட்டிகளைத் திரும்ப வாங்கக் கோணிப்பையோடு புறப்பட்டார். முதலில் மோகன்ராஜ்.

"தாம்பூலத்துல வெச்சிக் குடுத்தத திருப்பிக் கேக்கறியே மாமா. வாங்கின வூட்டுக்கும் ஆவாது, குடுத்த வூட்டுக்கும் ஆவாது."

"ஹரிதாவுக்கு வேல போவும்பா."

"தோ, ரெண்டு நாள்ல சீரியல்ல அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். அது முடியட்டும், பாக்கலாம்."

பதினெட்டு வீட்டிலும் இதே பதில். சில வீடுகளில் சாஸ்திரம், சில வீடுகளில் சீரியல், பல வீடுகளில் இரண்டும். நெட்டுக்குப் பேர் கெட்டால் அவர்களுக்கு என்ன, அவர்கள் யாரும் ஹைதராபாத் கம்பெனிக்குள் நுழையப் போவதில்லை. காலியான கோணிப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

பவன்குமார் ஒரு வழி சொன்னான். அவன் கையில் சுத்தமான நம்பர் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. சுத்தமான வீட்டுக்குத்தான் அதைத் தருவான்.

"என் பொட்டியத்தான் புடுங்கிட்டேனே. எனக்குக் குடு."

"ஒரு மாசம் போவட்டும் அண்ணா. நேத்து வரைக்கும் குப்பையில மீ வூடுதான் ஃபர்ஸ்ட்டு. ஒங்க தெருவுல க்ளீன் வூடு ஒண்ணே ஒண்ணு."

செங்கம்மாவின் வீடு. ஒரு வயிற்றெரிச்சலில் பெட்டி கொடுக்காமல் விட்டதால் மட்டுமே தப்பித்த வீடு அது. அன்றைக்கு மட்டும் சம்பத் நல்ல மனசோடு நடந்துகொண்டிருந்தால், இன்றைக்குத் தெருவில் ஒரு வீடுகூட மிஞ்சியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை செங்கம்மா கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்து வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஹரிதா இங்க ஒக்காந்து வேல செய்யட்டுமா அக்கா?"

"திருட்டு வூட்லயா?"

சம்பத் தரையைப் பார்த்தார்.

"அவ என் தம்பி பொண்ணு. அவ வரத்துக்கு ஒன்ன எதுக்குக் கேக்கணும்? பன்னண்டு மணிக்கு வரச் சொல்லு. நீ எதுக்கு வந்த, அதச் சொல்லு."

"தப்பாப் பேசிட்டேன்கா."

செங்கம்மா நாலு கடலையை உரித்து முடித்தாள். "பேசினா பேசிட்டுப் போ. எம்புள்ளைக்கு நான் பதில் சொல்லிக்கறேன். தெருவுக்கே குடுத்தியே, எனக்கு ஒரு பொட்டி ஏண்டா குடுக்கல? ஒரு வருஷமா அந்தச் சீரியல மோகன்ராஜ் வூட்டு ஜன்னலாண்ட நின்னு, காதால கேட்டுக்கினு இருக்கேன். அந்தப் பொண்ணு மூஞ்சி எப்பிடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

நாலு வருஷமாக மாலை விழாத கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த சம்பத்துக்கு, அக்கா ஜன்னலோரம் நின்றது அன்றுதான் தெரிந்தது. "ஒனக்கும் வாங்கினேன்கா" என்றார்.

"எங்க?"

வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினார். தாம்பூலப் பையோடு அப்படியே இருந்தது. உள்ளே தேங்காய் வற்றிப்போய் லொடலொடவென்று ஆடியது. கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். செங்கம்மா பையில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தாள், பெட்டியை எடுத்துப் புடவையில் துடைத்தாள், தம்பியிடம் நீட்டினாள்.

"மாட்டு."

சம்பத் கையை நீட்டவில்லை. "மாட்டக் கூடாதுக்கா. மாட்டினா இந்த வூட்டு நெட்டும் கெட்டுப் போவும். ஹரிதா ஹைதராபாத் போயிடுவா."

"ஒரு வருஷம் கழிச்சிக் குடுக்கற. குடுத்துட்டு மாட்டாதன்ற. நீ திருந்தவே மாட்டியாடா?"

சம்பத்தின் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது: "என் வூட்டுக்கு வந்து பாருக்கா. என் வூட்டுப் பேருதான் ஏற்கெனவே கெட்டுப் போச்சே."

அதன் பிறகு தெருவில் ஒரு வினோதமான போக்குவரத்து தொடங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஹரிதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் ஏழரை மணிக்குச் செங்கம்மா மடியில் வேர்க்கடலையோடு தம்பி வீட்டுக்கு வருவாள். மகள் முறைத்ததைப் பொருட்படுத்தாமல் சம்பத் தன் பெட்டியை மறுபடி மாட்டியிருந்தார். அதன் வழியாக எந்த ஊர்த் திருடனோ எவருடைய கணக்கையோ திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்காவும் தம்பியும் சீரியல் பார்த்தார்கள். இருபதாவது பெட்டி செங்கம்மாவின் டிவி மேல், ஒயர் இல்லாமல், சந்தனப் பொட்டோடு இருந்தது. தம்பி கொடுத்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, சரியாகச் சீரியல் நேரத்தில், பவன்குமார் வாசலில் வந்து நின்றான்.

"புது நம்பர் வந்துச்சு அண்ணா. பொட்டிய தீசேயண்டி, கழட்டிடுங்க, இப்பவே மாத்திக் குடுத்துர்றேன். பாப்பா அங்கியும் இங்கியும் அலைய வேணாம். ஒங்க வூட்லயே ஒக்காந்து வேல பாக்கும்."

செங்கம்மா திரும்பவில்லை. கண்கள் டிவியில்தான் இருந்தன. ஆனால் கை ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தது.

சம்பத் பெட்டியைப் பார்த்தார். பிறகு, ஒரு வருஷம் காதால் மட்டும் கேட்ட கதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முதுகைப் பார்த்தார்.

"வேற யாருக்கானா குடு" என்றார்.

"அண்ணா, பேரு கெட்டேதான் இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும்பா."

பவன்குமார் போன பிறகு செங்கம்மா சத்தத்தைக் கூட்டினாள். ஒரு கை வேர்க்கடலையை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளி வைத்தாள்.

"துன்னு" என்றாள்.