மேட்டில் கேட்ட சத்தம்

தேவமலர் மோட்டார் சைக்கிளை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். மெர்லிமாவ் பெரிய சாலையிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குப் பிரியும் முனையில் இருந்தது காளிதாஸின் பட்டறை. சனிக்கிழமை காலை வெயிலில் அவள் முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. பள்ளிக்கூட காண்டீனில் சமைப்பவள். ஆறேழு வருடமாக அவனிடம்தான் வண்டியைப் பழுதுபார்க்க விடுகிறாள்.

"அண்ணே, பின்னால சத்தம் வருதுண்ணே. ஓட்டவே பயமா இருக்கு."

"எப்படிப்பட்ட சத்தம்?"

"டொக் டொக்னு. எப்பவும் இல்ல, மேட்டுல ஏறுறப்பதான். இங்க வந்து கேட்டா ஒன்னும் இருக்காது பாருங்க, என் மானத்த வாங்கும்."

அப்படித்தான் ஆனது. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான், சுத்தமாக ஓடியது. ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினான், உராய்வில்லாமல் சுழன்றது. செயினின் தொய்வு சரியாக இருந்தது. பெயரிங் போயிருந்தால் வேகம் ஏற ஏற முனகும். செயின் என்றால் கரகரக்கும். இவள் சொல்வது இரண்டுமில்லை. தோட்டப் பாதை மேட்டுக்கு அவனே ஓட்டிப் போனான். பாதி மேட்டில் வேகம் கூட்ட எண்ணெய்ப் பிடியைத் திருகியபோது காலுக்குக் கீழே ஒருமுறை 'டொக்' என்றது. விட்டுத் திருகினான். மறுபடியும். யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல இருந்தது. இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டில் ஒன்று இல்லவே இல்லை. இரண்டு, விரலால் திருகினாலே சுழன்றன. நட்டு கழலாமலிருக்க மடக்கிவிட வேண்டிய தகடுகள் மடக்கப்படாமல், பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே தட்டையாக இருந்தன.

அந்தத் தகடுகளை அவன்தான் போட்டான். பன்னிரண்டு நாளைக்கு முன்பு, புது செயின் மாட்டிய அன்று. நட்டுகளைக் கையால் ஏற்றி வைத்திருந்தபோது பக்கத்து டயர் கடைக்காரன் முதல்நாள் பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தான். அது கோல்தானா இல்லையா என்று இருவரும் சாலையோரம் நின்று சத்தம்போட்டு வாதாடினார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்து சக்கரத்தை மாட்டினான். அவ்வளவுதான். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் கிடையாது.

"என்னாண்ணே அது?" தேவமலர் அருகில் வந்து குனிந்தாள்.

"நட்டு லூசாயிருக்கு."

"நெனச்சேன்! எம்மவன் வேலதான். ராத்திரி ரோட்டுல ரேஸ் விடுற ரெம்பிட் பசங்களோட சேந்து ஓட்டி ஒடச்சிட்டான். கேட்டா, 'நான் எங்கயும் ஓட்டல, ஒரு வாரமா நான்தானே சத்தம் வருதுன்னு சொல்றேன்'னு வாயாடுனான்." அவள் குரல் திடீரென்று தணிந்தது. "பத்தொம்பது வயசுப் புள்ளண்ணே. பக்கத்து வீட்டாளுங்க பாக்க, மூஞ்சிலயே அடிச்சிட்டேன். கிளேபாங் கடற்கரையில அவன் மாமாவோட இளநீர்க் கடைக்குப் போயிட்டான். மூணு நாளாச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான்."

காளிதாஸ் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கைதான்.

"அவன்தானேண்ணே கெடுத்திருக்கான்?"

"ம்" என்றான். அது வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

நான்கு புது நட்டு, நான்கு புதுத் தகடு. ஸ்பேனரை இழுத்து இறுக்கினான். ஒவ்வொரு தகடாகச் சுத்தியலால் தட்டி மடக்கி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் தடவினான். அந்த மேட்டிலிருந்து தோட்டப் பாதை சரிவாக இறங்கிப் பெரிய சாலையில் போய் முட்டும். லாரிகள் வேகம் குறைக்காத இடம். பன்னிரண்டு நாளும் இவள் அதில்தான் இறங்கியிருக்கிறாள். அவள் மகனும்.

தேவமலர் மேடுவரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒன்னுமே இல்லண்ணே! பூன மாதிரி போவுது. இனி அவன் இதுல கை வைக்கட்டும், பாக்குறேன்."

"இரு தங்கச்சி. எஞ்சின நிறுத்து."

நிறுத்தினாள்.

"உம்மவன் ஒன்னும் பண்ணல. நான்தான் அன்னைக்கு நட்ட முடுக்காம விட்டுட்டேன். தகட்டயும் மடக்கல. எம்மேல தப்பு."

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். கழற்றிப் போட்டிருந்த பழைய தகடு ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சக்கரத்த கழட்டுனப்பவே."

"நான் கேட்டப்போ 'ம்'னீங்க."

"ஆமா."

லாரி ஒன்று பட்டறையை அதிரவைத்துக் கடந்தது. அவள் வைவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவனிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது? நீங்களே சொல்லுங்க அவன்கிட்ட."

கிரீஸ் கறுத்த விரல்களால் போனை விளிம்பில் பிடித்துக் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்தபோது அது நின்றது. மறுமுனையில் யாரும் ஹலோ சொல்லவில்லை. கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது: யாரோ ஆர்டர் கத்தினார்கள், இளநீரோடு ஐஸ்கட்டி அரைக்கும் யந்திரம் கடகடவென்று ஓடியது. பிறகு போனை யாரோ ஒதுக்குப்புறமாக எடுத்துப் போனதுபோல எல்லாம் மெல்ல அடங்கி, கடற்காற்றும் ஓர் ஆளின் மூச்சும் மட்டும் மிஞ்சின.

தேவமலர் காளிதாஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.